வெளிமான் வாழும் வெளி

நுழையும்முன்

தொலைதூர நாடுகளின் புல்வெளிகளைத் திரையில் கண்டு வியக்கும் நாம், நம் ஊர்ப்புறத்து வெட்டவெளியைப் ‘பொட்டல்’ என்று சொல்லிக் கடந்துபோகிறோம். இயற்கையைக் காணச் செல்பவர் எவற்றைத் திட்டமிட வேண்டும்? எவற்றை விட்டுச்செல்ல வேண்டும்? யாரிடம் கற்க வேண்டும்? பட்டாசுத் தொழில் நடக்கும் ஊரின் மாணவர்கள் வகுத்த ஒரு சூழல் சுற்றுலாத் திட்டத்தின் வழியே இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

ஒரே வெயில்

எங்கள் மாவட்டத்தைப் பற்றிப் பேசும் வெளியூரார் முதலில் சொல்லும் சொல் ‘வறட்சி’. விருதுநகரிலிருந்து சாத்தூர் வழியாகத் தெற்கே செல்லும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து பார்ப்பவருக்கு அச்சொல் மிகையாகத் தோன்றாது. கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வைப்பாற்றிலும் அர்ச்சுனா நதியிலும் ஆண்டின் பெரும்பகுதி மணலே தெரியும். கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை புதரும் முள்ளும், இடையிடையே பனையும் நிற்கும்.

அந்த வறட்சிதான் எங்கள் ஊருக்குச் சோறிட்டது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். நெடிய வெயிலும் குறைந்த மழையும் அத்தொழிலுக்குத் துணைநின்றன. ஈரக்காற்றில் மருந்து நமத்துப்போகும். வெயிலில் விரைந்து காயும். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், அவற்றின்மேல் ஒட்டும் வண்ணத்தாள்களுக்காக அச்சுத்தொழிலும் வளர்ந்தன. வானம் பொய்த்த நிலத்தில் மனிதர் வெயிலையே விளைச்சலாக மாற்றிக்கொண்டனர்.

இதே வெயிலையும் குறைந்த மழையையும் முள்மரத்தையும் நம்பி இன்னோர் உயிரும் தென்தமிழ்நாட்டில் வாழ்கிறது. அதனைக் காண என் மாணவர்கள் வகுத்த பயணத் திட்டத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஒரு நாள் பயணத்துக்கு நாங்கள் இரண்டு மாதங்கள் திட்டமிட்டோம். பயணம் கற்பித்ததைவிட அந்த இரண்டு மாதங்கள் கற்பித்தவை மிகுதி.

வரைபடத்தில் ஒரு தேடல்

பதினோராம் வகுப்பில் ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு எழும். அவ்வாண்டு எழுந்த பேச்சு சற்று வேறாக இருந்தது. மாணவர் சிலர் ஆப்பிரிக்கச் சவானாவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்திருந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுமாடுகள் மழையைத் தொடர்ந்து இடம்பெயரும் செரங்கெட்டிச் சமவெளி அவர்கள் கண்ணை விட்டு அகலவில்லை.

“அம்மா, அங்கே போய்வர எவ்வளவு ஆகும்?” என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பு சிரித்தது; அவன் சிரிக்கவில்லை.

“கணக்கிட்டுப் பார்ப்போம்” என்றேன். வானூர்திக் கட்டணம், தான்சானியா நாட்டின் நுழைவு இசைவு, பூங்காக் கட்டணம், ஊர்தி, உணவு என்று கரும்பலகை நிறைந்தது. எங்கள் வகுப்பில் பாதிப்பேருடைய தாயர் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ நாட்கூலிக்குச் செல்பவர்கள். அந்தக் கூலியால் மொத்தத் தொகையை வகுக்கும்படி சொன்னேன். வந்த விடையைப் பார்த்ததும் வகுப்பில் அமைதி பரவியது. வீட்டுச் செலவுக்கு ஒரு காசும் எடுக்காமல் ஆண்டுக்கணக்கில் உழைத்தால்தான் ஒருவர் சென்றுவர முடியும் என்பதை அந்த எண் காட்டியது.

“செலவு கிடக்கட்டும். சவானா என்றால் என்ன என்று யாராவது சொல்லுங்கள்” என்றேன். புவியியல் ஆசிரியரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். தரையெங்கும் புல், அதன்மேல் இடைவெளி விட்டு நிற்கும் மரங்கள், மழை பெய்யும் குறுகிய பருவம், மழையற்ற நீண்ட பருவம், மேயும் விலங்குகள், அவ்வப்போது வந்துபோகும் தீ. இவை கூடியதே சவானா. உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இத்தகையது. அவர் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“அம்மா, இதைத்தானே எங்கள் ஊரில் பொட்டக்காடு என்று சொல்கிறோம்?”

அவ்வினாவே எங்கள் பயணத்தின் தொடக்கம். ஆவணப்படத்தில் அவர்கள் கண்ட குடை விரித்தாற்போன்ற மரத்தின் உறவினம் எங்கள் வட்டாரத்திலேயே நிற்கிறது. குடைவேலம் என்றும் உடைமரம் என்றும் அதனை அழைக்கிறோம். தென்தமிழ்நாட்டின் வறண்ட காடுகளுள் ஒரு வகைக்குக் ‘குடைமுள் காடு’ என்றே வனவியலார் பெயரிட்டுள்ளனர். ஆடுகள் அதன் நெற்றைத் தேடித் தின்னும். நாள்தோறும் பள்ளிக்கு வரும் வழியில் பார்த்த மரத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்ததுபோல் மாணவர்கள் பேசிக்கொண்டார்கள்.

எங்கே செல்வது? மாவட்டத்தின் மேற்கெல்லையில் மலைக்காடு உண்டு. சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயத்தை உள்ளடக்கி, 2021ஆம் ஆண்டு அங்கே திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. மலையையும் அருவியையும் காண எல்லாரும் விரும்புவர். சமவெளி முட்காட்டைக் காணப் பேருந்து ஏறுவோர் அரியர். ஆகவே நாங்கள் தெற்கே பார்த்தோம். தூத்துக்குடி மாவட்டத்தில், திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில் இருக்கிறது வல்லநாடு. அங்குள்ள குன்றும் அதனைச் சூழ்ந்த முட்புதர்க்காடும் 1987ஆம் ஆண்டு வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். செரங்கெட்டித் தேசியப் பூங்காவுக்குள் ஏறத்தாழ 900 வல்லநாடுகளை அடக்கிவிடலாம். ஆயினும் இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுவே. இங்கு அது இல்லாமற்போனால் அதற்கப்பால் தெற்கே அதற்கு இடமில்லை.

சிவகாசியிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, திருநெல்வேலி வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு. அரசுப் பேருந்திலேயே செல்லலாம்.

மொழி காத்த மான்

தமிழாசிரியை என்ற முறையில் என் பங்குக்கு நான் மாணவர்களை நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். நாம் காணப்போகும் விலங்கை நம் முன்னோர் எவ்வாறு அறிந்திருந்தனர் என்று தேடச் சொன்னேன்.

தொல்காப்பிய மரபியல், ‘புல்வாய்’ என்னும் மானின் ஆணுக்கு இரலை, கலை ஆகிய பெயர்கள் உரியன என்கிறது. அகநானூற்று முல்லைப் பாடல்களில், மழை பெய்து தளிர்த்த காட்டில் முறுக்கிய கொம்புடைய இரலை தன் பிணையோடு திரியும். தலைவன் திரும்பிவரும் வழியில் அது தென்படும். புல்வாய் என்னும் பெயர் அது மேயும் புல்லைக் காட்டுகிறது. இன்று வழங்கும் வெளிமான் என்னும் பெயர் அது வாழும் வெளியைக் காட்டுகிறது. இரு பெயர்களும் நிலத்தோடு சேர்த்தே விலங்கை அடையாளம் காட்டுகின்றன. நிலம் போனால் பெயரும் பொருளிழக்கும்.

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டபோது பாலை தோன்றும் என்பதைச் சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் காட்டுகிறார். பாலைக்கும் ஒரு கருப்பொருளும் உரிப்பொருளும் வகுத்த மரபு நம்முடையது. எந்த நிலத்தையும் பயனற்றது என்று அம்மரபு ஒதுக்கவில்லை.

பின்னாளில் வேறு சொற்கள் வந்தன. வருவாய்த்துறைப் பதிவேட்டில் வரிவருவாய் தராத நிலம் ‘தரிசு’ ஆயிற்று. 2000ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிடப்பட்ட இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புதர்நிலங்கள் தரிசின் வகைகளுள் ஒன்றாகவே இடம்பெற்றுள்ளன. தரிசு என்று எழுதியபின், அங்கே எதை எழுப்பினாலும் அது முன்னேற்றமாகவே தோன்றும். ஒரு நிலத்துக்கு நாம் இடும் பெயர் அதன் எதிர்காலத்தை முடிவு செய்கிறது என்பதை மாணவர்கள் அன்று உணர்ந்துகொண்டார்கள்.

தெரிந்து தெளிவோம்

வழக்கில் மான் என்று அழைத்தாலும், வெளிமான் உயிரியல் வகைப்பாட்டில் ஆடு, மாடு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. புள்ளிமானின் கிளைக்கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளைக்காது, உதிராது; திருகுபோல் முறுக்கி வளரும். வளர்ந்த ஆணின் முதுகு கருமை படர்ந்தும் வயிறு வெண்மையாகவும் இருக்கும். பெண்ணும் குட்டியும் மண்ணிறம் கொண்டவை. பெண்ணுக்குப் பொதுவாகக் கொம்பு இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்வரை ஓடக்கூடிய இவ்விலங்கு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. இதனை வேட்டையாடிய சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. துரத்திய விலங்கு மறைந்தபின்னும் ஓடும் விலங்கு தன் வேகத்தை இழக்கவில்லை.

பட்டாசு அறையின் பாடம்

சூழல் சுற்றுலா என்பது இயற்கை எழில் மிக்க இடத்துக்குச் செல்வது மட்டுமன்று. சென்ற இடத்தின் இயற்கைக்கு ஊறு நேராமலும், அங்கு வாழும் மக்களுக்கு நன்மை விளையும்படியும், சென்றவர் அறிவு பெறும்படியும் அமையும் பயணமே சூழல் சுற்றுலா. ஐக்கிய நாடுகள் அவை 2002ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சூழல் சுற்றுலா ஆண்டாகக் கடைப்பிடித்தது. விளக்கத்தை எழுதிப் போடுவது எளிது. நாற்பத்தெட்டு மாணவர்களை வைத்துக்கொண்டு அதனை நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி?

“விதிகளை நீங்களே எழுதுங்கள்” என்று விட்டுவிட்டேன். முதல் நாள் வந்த பட்டியலில் ‘குப்பை போடக்கூடாது’, ‘சத்தம் போடக்கூடாது’ என எல்லாச் சுவர்களிலும் காணும் வரிகளே இருந்தன. மறுநாள் ஒரு மாணவி வேறொரு தாளைக் கொண்டுவந்தாள். அவள் தாய் பட்டாசு ஆலையில் பணிபுரிபவர். இரவு சமைத்துக்கொண்டே மகளின் பட்டியலைக் கேட்ட அத்தாய், “எங்க ரூமுல இருக்கிற மாதிரியே எழுதிக்கோ” என்றாராம்.

பட்டாசு செய்யும் அறையின் ஒழுங்கை எங்கள் ஊரார் அறிவர். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது. அன்றைய வேலைக்கு வேண்டிய அளவு மருந்தே உள்ளே வரவேண்டும். பருத்தி ஆடை உடுத்த வேண்டும். தீக்குச்சியும் கைப்பேசியும் வாயிலுக்கு வெளியே. பெட்டியைத் தரையில் இழுத்தலும் ஓடுதலும் கூடா. நுழையுமுன் செப்புத் தகட்டைத் தொட்டு உடலில் உள்ள மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்க வேண்டும். ஒரு கட்டடத்துக்கும் மற்றொரு கட்டடத்துக்கும் இடையே வெற்றிடம் விட வேண்டும். இவ்விதிகளுள் ஒன்று மீறப்பட்டால் என்ன நேரும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தத் துயரத்தை உறவில் ஒருவரேனும் அறியாத தெரு இங்கே குறைவு.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு மாணவர்கள் தம் விதிகளைத் திருத்தினார்கள். வகுப்பு முழுவதும் ஒரே நாளில் செல்லாமல், இருபத்து நால்வராக இரு நாட்களில் செல்வது. காட்டுக்குள் நான்கு நான்கு பேராகப் பிரிவது. இரு குழுக்களுக்கிடையே இடைவெளி விடுவது. மண்ணிறப் பருத்தி ஆடை. கைப்பேசியின் ஒலியை முற்றிலும் அணைத்துவிடுவது. தீக்குச்சி, நெகிழிப்பை, ஒலிபெருக்கி ஆகியவற்றை ஊரிலேயே விட்டுச்செல்வது. ஓடாமை. சூழலியலார் ஓர் இடம் தாங்கக்கூடிய வருகையாளர் எண்ணிக்கையைத் ‘தாங்குதிறன்’ என்று அழைப்பர். எங்கள் தாயர் அதனை அறிந்தே நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றனர். உலர்ந்த புல் நிறைந்த காட்டுக்கு, தீப்பெட்டி செய்யும் ஊரிலிருந்து செல்பவர் ஒரு குச்சியையும் எடுத்துச் செல்லவில்லை என்பதில் அவர்களுக்குப் பெருமிதம் இருந்தது.

நல்லெண்ணத்தால் எழுந்த ஒரு திட்டத்தை மட்டும் கைவிட நேர்ந்தது. காட்டுக்குச் செல்வோர் ஆளுக்கொரு மரக்கன்றை எடுத்துச் சென்று நடுவோம் என்றனர் சிலர். வெளிமானுக்கு அடர்ந்த நிழல் பகை. நெடுந்தொலைவு பார்வையும் தடையின்றி ஓடும் தரையுமே அதன் காவல். புற்களின் வேர் மண்ணுக்கடியில் கரிமத்தைச் சேமிக்கிறது. மேலே காய்ந்தாலும் கீழே உயிரோடு இருந்து முதல் மழைக்குத் தளிர்க்கிறது. எல்லா வெளியையும் காடாக்குவது இயற்கைப் பாதுகாப்பு ஆகாது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்த சீமைக்கருவேலம் இதற்குச் சான்று. வறட்சியைத் தாங்கும் என்று வளர்க்கப்பட்ட அம்மரம் வெளிகளை மூடிப் புல்லை ஒடுக்கியது. அதன் நெற்றை மானும் ஆடும் தின்ன, விதை சாணத்தோடு சேர்ந்து மேலும் பரவுகிறது. ஆனால் எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அம்மரத்தைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. வேரோடு பிடுங்குவோம் என்று முழங்குமுன் அவர்களையும் எண்ண வேண்டும் என்று ஒரு மாணவன் சொன்னது எனக்கு மனநிறைவு தந்தது.

ஆட்டுக்கிடை போடும் குடும்பத்து மாணவன் ஒருவன் தன் தாத்தாவைப் பள்ளிக்கு அழைத்துவந்தான். இளமையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தாமிரபரணிக் கரை வயல்கள்வரை சென்று, எருவுக்காகக் கிடை அமர்த்தியவர் அவர். நாற்காலியில் அமர மறுத்து நின்றபடியே பேசினார்.

“டீச்சரம்மா, மானுக்குக் கண்ணுதான் தெய்வம். அசையாம நின்னா உங்களை மரம்னு நெனைச்சுக்கிடும். ஒரு கை ஆடுனா போதும், அம்புட்டும் ஓடிப்போகும்.”

“எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், ஐயா?” என்று கேட்டேன்.

“அது வர்ற வரைக்கும். நாமதானே அது வீட்டுக்குப் போறோம்?”

ஓசையும் வாழ்வும்

திட்டத்தில் கடினமான நாள் ஒன்று வந்தது. சூழல் சுற்றுலாவுக்கு எடுத்துக்காட்டாகச் சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைப் பற்றிப் பேசினேன். திருப்பத்தூர் அருகிலுள்ள கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயை உள்ளடக்கிய அச்சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. அங்கு வந்து கூடு கட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காக, அவ்வூரார் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அதற்கு நன்றியாக வனத்துறை அவர்களுக்கு இனிப்பு வழங்கும் வழக்கமும் உண்டு.

ஒரு மாணவன் எழுந்தான். அவன் தந்தை ஆலையில் கூலிவேலை செய்பவர். “அம்மா, பட்டாசு வெடிக்காத ஊரை நாங்களே புகழ்ந்தால் எங்கள் வீட்டில் எப்படி அடுப்பு எரியும்?” என்றான்.

அவன் குரலில் இருந்த அச்சம் வீட்டிலிருந்து வந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்கும் நேரத்துக்கு வரம்பிட்டது. பேரியம் கலந்த பட்டாசுகளுக்குத் தடை விதித்தது. காற்று மாசு குறைய வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் நோக்கம். ஆலைகள் மூடப்படுமோ என்ற பேச்சு எங்கள் தெருக்களில் ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. நகரத்தில் மூச்சுத் திணறும் குழந்தையின் துன்பமும் மெய். இங்கே வேலையற்று அமரும் தாயின் துன்பமும் மெய். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கும் விடையை மாணவருக்கு நான் தர விரும்பவில்லை. வகுப்பில் யாராவது பேசட்டும் என்று காத்திருந்தேன்.

தாயின் தாளைக் கொண்டுவந்த மாணவியே பேசினாள். “எங்கள் அம்மா வேலை செய்யும் ஆலைக்குப் பக்கத்தில் யாரும் வெடி வெடிக்கமாட்டார்கள். வெடி செய்யும் இடத்துக்கே அமைதி வேண்டும். அந்தக் கண்மாய்க்கும் அப்படித்தான். அவர்கள் நம்மைச் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லையே. தங்கள் ஊரில் வெடிக்க வேண்டாம் என்றுதானே வைத்திருக்கிறார்கள்?”

கேட்டவன் உடனே உடன்பட்டுவிடவில்லை. சற்று நேரம் கழித்து, “அப்படியானால் எந்தெந்த இடத்தில் கூடாது என்று நாமே பெட்டியின்மேல் அச்சடிக்கலாம்” என்றான். அச்சுத்தொழிலும் நடக்கும் ஊரின் பிள்ளைக்குத் தோன்றக்கூடிய எண்ணம் அது. தொழிலின் எதிர்காலம் குறித்த பெரிய வினாவுக்கு அது முழு விடையன்று. ஆயினும், தன் தொழிலை விட்டுக்கொடுக்காமலே பிற உயிருக்கு இடம்விடும் வழியைத் தேடத் தொடங்கியிருந்தான் அவன்.

கண்டதும் காணாததும்

பொங்கல் கழிந்த வாரத்தில் முதல் குழு புறப்பட்டது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, புல் பசுமை மாறிப் பொன்னிறம் கொள்ளத் தொடங்கும் காலம் அது. அனுமதிக் கடிதம் முன்னரே பெற்றிருந்தோம். பேருந்துக் கட்டணமும் உணவும் சேர்த்து ஒருவருக்கு 350 ரூபாய். நண்பகல் உணவை வீட்டிலிருந்து கட்டிச் செல்லாமல், அவ்வூர்ப் பெண்கள் நடத்தும் சிறு கடையில் வாங்குவது என்று முடிவு செய்திருந்தோம். நாம் பார்க்கும் மானால் அங்கு வாழ்வோருக்கும் ஒரு நன்மை விளைய வேண்டும் அல்லவா?

வனக்காவலர் முன்செல்ல, நான்கு நான்கு பேராக நடந்தோம். காலை வெயில் குன்றின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. உடைமரங்களின் நிழல் குடைவட்டமாகத் தரையில் கிடந்தது. கௌதாரி கூவியது. அதற்குமேல் ஓசை இல்லை. நின்றோம். கால் கடுத்தது. பேச வேண்டும் என்னும் ஆவல் ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது, ஒருவரும் பேசவில்லை.

நான் சென்ற குழுவினர் மானைக் கண்டோம். தொலைவில், புல்லின் நிறத்திலிருந்து பிரிந்து ஐந்து பெண்மான்கள் அசைந்தன. அவற்றின் பின்னே கருமுதுகுடைய இரலை ஒன்று, முறுக்கிய கொம்பைப் பின்னே சாய்த்தபடி நின்றது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் புலவர் பார்த்த கொம்பு. எங்களுள் யாரோ காலை மாற்றி வைத்திருக்க வேண்டும். இரலை நிலத்திலிருந்து எழுந்து தாவியது. அடுத்தடுத்துப் பெண்மான்களும் தாவின. சில நொடிகளில் வெளி மீண்டும் வெறுமையாயிற்று. யாரும் படம் எடுத்திருக்கவில்லை.

ஆறு குழுக்களுள் இரண்டு, மானைக் காணாமலே திரும்பின. அவர்கள் வருந்துவார்கள் என்று எண்ணினேன். மறுவாரம் அவர்களுடைய குறிப்பேடுகளைப் படித்தபோது, எல்லாரினும் மிகுதியாக அவர்களே எழுதியிருந்தார்கள். குளம்புத்தடத்தின் இரு பிளவு, ஒரே இடத்தில் குவிந்த புழுக்கை, கரையான் புற்றின் வாய், மின்கம்பியிலிருந்து நீலச் சிறகு விரித்த பனங்காடை, மேய்ந்து மழுங்கிய புல்லின் நுனி. மான் வராத வேளையில் அதன் வீட்டை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஒரு குறிப்பேட்டின் கடைசி வரி: ‘மான் எங்களைப் பார்த்திருக்கும்.’

இரண்டாம் குழுவுக்கு நான் எதுவும் கற்பிக்கவில்லை. முதல் குழுவினரே எப்படி நிற்பது, எங்கே காத்திருப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

தொலைதூர நிலம் என்பதைக் கிலோமீட்டரால் அளக்கிறோம். பார்க்கப்படாமல் கிடக்கும் பக்கத்து நிலமும் தொலைதூர நிலமே. அங்குச் செல்லக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. அளவோடு செல்லும் ஒழுங்கும், அசையாமல் நிற்கும் பொறுமையும் வேண்டும். அவ்விரண்டையும் எங்கள் ஊர்த் தாயரும் ஆடு மேய்க்கும் முதியவரும் முன்பே அறிந்திருந்தனர். அவர்களை ஆசிரியராக ஏற்றுக்கொண்டதே எங்கள் திட்டத்தின் சிறப்பு.

மாணவர்களே, உங்கள் ஊர்ப்புறத்திலும் தரிசு என்றோ பொட்டல் என்றோ பெயர் பெற்ற வெளி ஒன்று இருக்கும். மழை ஓய்ந்த ஒரு காலையில் நான்கு பேராகச் சென்று, அரைமணி நேரம் அசையாமல் நில்லுங்கள். அங்கு வாழ்பவை எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அந்நிலத்துக்கு என்ன பெயர் பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.